கருவை அடைந்த காணி: வெட்டுவதா, விடுவதா, வேறு வழி பார்ப்பதா?

முதுகுளத்தூர், கமுதி, இளையான்குடி பக்கம் சொந்த ஊர் உள்ள பலருக்கு நாலைந்து ஏக்கர் புஞ்சை எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். தாத்தா காலத்தில் குதிரைவாலியும் மிளகாயும் விளைந்த நிலம். அப்புறம் கண்மாய் தூர்ந்தது, கிணற்றுத் தண்ணீர் உவர்த்தது, பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். இப்போது பட்டாவில் பெயர் இருக்கிறது, நிலத்தில் கருவை, அதாவது சீமைக்கருவேலம், இருக்கிறது. வரப்பு எங்கே என்று பார்க்கவே அரிவாளோடு ஒரு ஆள் முன்னால் நடக்க வேண்டியிருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வரும் அண்ணன் தம்பிகளுக்குள் "அதை என்னதான் பண்றது?" என்ற பேச்சு வருடம் தவறாமல் எழும். பஸ் ஏறியதும் மறந்துபோகும்.

பேச்சில் அடிபடும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். அப்படியே விட்டுவிடலாம். கரிக்குக் குத்தகை விடலாம். ஜேசிபி விட்டு அழித்து மறுபடி விவசாயம் பண்ணலாம். தைலம், சவுக்கு, மகோகனி என்று ஏதாவது வைக்கலாம். நாட்டு மரங்கள் வளரும் காடாக மாற்றலாம். கடைசியில் ஒருவர், சோலார் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்பார். இவற்றை வரவு செலவுக் கணக்கை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தப்பான விடைதான் கிடைக்கும். அடுத்த மூன்று மழைக்காலமும் அந்த நிலத்தில் யார் நிற்கப்போகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். அதற்குப் பதில் இல்லாமல் எடுக்கிற எந்த முடிவையும் கருவையே மாற்றி எழுதிவிடும்.

ஏன் என்றால் அந்த மரத்தின் சுபாவம் அப்படி. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பிறந்த மரம் அது. 1870களில் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்துக் கடப்பாப் பக்கம் வைத்தார்கள். விறகுப் பஞ்சம் தீரும், வறண்ட நிலம் பசுமையாகும் என்பது அன்றைய வனத்துறையின் கணக்கு. அந்த இரண்டும் நடக்கத்தான் செய்தன. ஆனால் காய் இனிப்பு. ஆடு விரும்பித் தின்னும், கடினமான விதை சாணத்தோடும் புழுக்கையோடும் முளைக்கத் தயாராக வெளியே விழும். ஆட்டு மந்தையோடு வரும் கீதாரிகளைக் கூப்பிட்டுக் கிடை போட்டால் நிலத்துக்கு எரு கிடைக்கும், கூடவே கருவை விதையும் இலவசமாக வரும். தரைக்கு மேல் வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் தண்டு துளிர்க்கும். வெயில்பட்ட வெறுந்தரை என்றால் கன்றுகள் நெருக்கியடித்து வரும். அதற்கு ஒத்துவராத ஒன்று உண்டு: இளங்கன்றுக்கு அடர்ந்த நிழல் ஆகாது. இந்தக் கடைசிக் குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில், அப்படியே விடுவது. இதை ஆதரிக்கிறவர்கள், விவசாயம் கைவிட்ட வெப்பமண்டல நிலம் தானாகவே காடாகும் என்பார்கள். அது பொய்யல்ல. நெதர்லாந்தைச் சேர்ந்த லூரன்ஸ் பூர்ட்டரும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் 77 இடங்களில், கைவிடப்பட்ட வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் வளர்ந்த காட்டை அளந்தார்கள். 20 ஆண்டுகளில் சராசரியாகப் பழைய காட்டின் 78% அளவுக்கு நிலம் தேறியிருந்தது. மண் பத்தாண்டுக்குள் மீண்டது, மரங்களின் உயரமும் பருமனும் மீள 25 முதல் 60 ஆண்டுகள் ஆகும் என்று கண்டார்கள். எந்தெந்த மரம் இருக்க வேண்டுமோ அவையெல்லாம் திரும்பிவர 120 ஆண்டுக்கு மேல் ஆகும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 77 இடங்களில் இந்தியாவின் இடம் ஒன்றுகூட இல்லை. வேகமாகத் தேறும் நிலங்களுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் பழைய காடு மிச்சம் இருக்கும். பறவையும் வௌவாலும் அங்கே பழம் தின்றுவிட்டு இங்கே எச்சமிட்டாலே போதும். கமுதியில் அப்படிப் பக்கத்துக் காடு எது? அய்யனார் கோயிலைச் சுற்றி நாலு மரம், கண்மாய்க் கரையில் கொஞ்சம் நாவலும் மருதும், மிச்சமெல்லாம் கருவைதான். விதை மழையாகப் பொழிவதும் அதுதான்.

இதற்கு நேர் எதிரான கதையும் ஒன்று உண்டு. கரிபியன் கடலில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோவில் கரும்பும் காபியும் பயிரிட்டு அழித்ததில், 1940களில் காடு 6 சதவீத அளவுக்குச் சுருங்கியிருந்தது. பிறகு மக்கள் ஆலை வேலைக்கும் அமெரிக்காவுக்கும் போக, நிலம் கைவிடப்பட்டு, இன்று தீவில் பாதிக்கு மேல் மரக்காடு. அங்கே கைவிட்ட நிலத்தை முதலில் பிடித்தது ஆப்பிரிக்க துலிப் மரம் என்ற அந்நிய மரம், நம் ஊரில் சாலையோரம் சிவப்பாகப் பூக்குமே, அதே மரம்தான். அதன் நிழலில் உள்ளூர் மரக்கன்றுகள் மெல்ல மெல்ல வந்தன. ஏரியல் லூகோ என்ற சூழலியலாளர் இதைக் காட்டித்தான், அந்நிய மரம் எல்லா இடத்திலும் எதிரி அல்ல, சில இடத்தில் செவிலித்தாய் என்று வாதாடினார்.

கருவை அப்படிச் செவிலித்தாய் ஆகுமா? கொஞ்சம் ஆகும். அது பயறு குடும்பத்து மரம், தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். வடஇந்தியாவில் களர் நிலங்களில் வைத்துப் பார்த்தபோது காரத்தன்மை குறைந்தது. நம் பக்கம் 20 வருடக் கருவைக் காட்டுக்குள் குனிந்து போய்ப் பாருங்கள். மைனா உட்கார்ந்த கிளைக்கு நேர் கீழே வேப்பங்கன்று முழங்கால் உயரத்தில் நிற்கும். அங்கங்கே இலந்தை, மஞ்சணத்தி, ஒரு பனை வடலி. ஆனால் அந்த வேப்பங்கன்று நாலு வருடமாக அதே முழங்கால் உயரத்தில்தான் நிற்கிறது. மேலே கருவை வெயிலை மறைக்கிறது, கீழே அதன் வேர் ஈரத்தைக் குடிக்கிறது, மிச்சத்தை வெள்ளாடு கடிக்கிறது. போர்ட்டோ ரிக்கோவில் பல இடங்களில் ஆண்டுக்கு 1,500 மி.மீ.க்கு மேல் மழை. இராமநாதபுரத்தில் 800 மி.மீ.யை ஒட்டித்தான், அதிலும் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆக, அப்படியே விட்டால் நிலம் கெட்டுப்போகாது, மண் கொஞ்சம் தேறக்கூடச் செய்யும். காடு மட்டும் வராது. பக்கத்து நிலத்துக்காரர் உங்களைத் திட்டுவார், அதில் நியாயமும் உண்டு.

அடுத்தது கரி. இந்தப் பகுதியில் இது சின்ன விஷயமல்ல. மழை பொய்த்த வருடங்களில் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பெரிந்தது கரிமூட்டத்தால்தான். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை குத்தகைக்காரர் வந்து மொத்தமாக விலை பேசி வெட்டிக்கொள்வார். கட்டைகளை அடுக்கி, வைக்கோலும் தழையும் போட்டு மூடி, மேலே மண் பூசி, தீ வைத்து, வாரக்கணக்கில் புகையைக் காவல் காப்பார்கள். எங்கேயாவது மூட்டம் வெடித்துக் காற்று உள்ளே போனால் கரி சாம்பலாகிவிடும், அதனால் ராத்திரியும் ஒரு ஆள் மண்வெட்டியோடு சுற்றிவர வேண்டும். உங்களுக்கோ செலவு கிடையாது, கவலை கிடையாது, கையில் ஒரு தொகை வரும். வெளியூர்க்காரருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை.

இதன் குறை பணத்தில் தெரியாது. ஒவ்வொரு வெட்டும் மொட்டை வெட்டு. கருவையோடு சேர்த்து அந்த வேப்பங்கன்றும் மஞ்சணத்தியும் போகும். திறந்த தரையில் பழைய தூர்களும் துளிர்த்து, புது விதையும் முளைத்து, முன்னைவிட நெருக்கமாக வரும். குஜராத்தின் பன்னி புல்வெளிக்கு இந்த அனுபவம் உண்டு. உப்புப் பாலைவனம் பரவாமல் தடுக்க 1961 முதல் அங்கே வனத்துறை கருவை வைத்தது. பின்னாளில் கரி சுட அனுமதி கொடுத்துப் பார்த்தார்கள், அப்புறம் நிறுத்தினார்கள். கரி வாழ்வாதாரமானது, மரம் ஒழியவில்லை. கருவையைப் பொறுத்தவரை கரித்தொழில் அதை அழிக்கும் வழியல்ல, பராமரிக்கும் வழி. அதைப் புரிந்துகொண்டு செய்தால் சரி.

மூன்றாவது, அழித்துவிட்டு விவசாயம். 2016 கடைசியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் கருவையை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது நினைவிருக்கும். 2017 ஏப்ரலில் சென்னை அமர்வு அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அழிப்பதால் சூழலுக்கு என்ன ஆகும் என்று பார்க்காமல் அழிக்கலாமா என்பது அப்போது எழுந்த கேள்வி. பிறகு 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றவும் அங்கே சூழலை மீட்கவும் மாநில அரசு ஒரு கொள்கையே வகுத்தது. அகற்றுவதோடு மீட்பதையும் சேர்த்துச் சொன்னதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம். 2017-ல் மொட்டையடித்துவிட்டு எதுவும் வைக்காமல் விட்ட நிலங்களைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். இரண்டே மழையில் முன்பிருந்ததைவிட மோசமான புதர்.

ஆனால் ஆள் இருந்தால் இந்த வழி அருமையாக வேலை செய்யும். அபிராமம் பக்கம் வல்லந்தையில் 2007 வாக்கில் பஞ்சாபிலிருந்து வந்த சில விவசாயிகள் கருவைக் காடாகக் கிடந்த நிலத்தை வாங்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்தார்கள். இன்று அங்கே மா, கொய்யா, நெல்லி எல்லாம் விளைகிறது. தொழில்நுட்ப ரகசியம் ஒன்றுமில்லை, அவர்கள் அங்கேயே குடியிருந்தார்கள். கருவைத் தூரைத் தரைக்குக் கீழே முக்கால் அடி, ஒரு அடி ஆழத்தில் அறுத்தெடுத்தால் மறுபடி துளிர்க்காது. துளிர்க்கும் கணுக்கள் அந்த ஆழத்துக்குள்தான் இருக்கும். மழைக்குப் பிறகு முளைக்கிற கன்றுகளை முதல் வருடமே பிடுங்கிவிட வேண்டும், விரல் கனம் ஆவதற்குள். அடுத்த வருடம் என்று விட்டால் கடப்பாரைதான். விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும் என்பதால், இது ஒரு மழைக்காலத்தோடு முடிகிற வேலை அல்ல. ஜேசிபி வாடகை மணிக்கு ஆயிரத்துக்கு மேல் போகிறது, அதை எல்லோரும் கணக்கில் சேர்க்கிறார்கள். அடுத்த மூன்று வருடக் களையெடுப்புக் கூலியை யாரும் சேர்ப்பதில்லை.

பயிர் விஷயத்தில் பெரிய குழப்பம் வேண்டாம். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் மானாவாரிதான்: குதிரைவாலி, எள், பருத்தி, கரிசலாக இருந்தால் முண்டு மிளகாய். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர்களும் சேர்வார்கள் என்றால், கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் 10, 15 ஏக்கர் அளவில் தரிசு நிலத் தொகுப்பாகச் சேர்ந்து புதர் அகற்றவும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் உதவி கேட்கலாம். அது இப்போதும் நடக்கிறதா என்று வேளாண் அலுவலகத்தில் ஒரு நடை விசாரிப்பது நல்லது.

மர வளர்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சவுக்கு தண்ணீர் வசதியும் மணல்பாங்கான மண்ணும் கேட்கும். தைலம் எங்கேயும் வரும், காகித ஆலைக்கு விற்கலாம், ஆனால் நிலத்தடி நீர் பற்றிப் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து விவசாயிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மகோகனியும் செம்மரமும் வைத்தால் கோடி என்று வாட்ஸப்பில் வரும் கணக்கு, தண்ணீரும் காவலும் இருக்கும் தோட்டத்துக்குப் போட்ட கணக்கு. உவர் கரிசலில், ஆள் இல்லாத காட்டில், அது கடுதாசியோடு நின்றுவிடும். வைத்தே ஆக வேண்டும் என்றால் வேம்பு, புங்கன், வெள்வேலம், பனை. இவை ஊர் மண்ணை அறிந்தவை. உழவன் செயலியில் பதிந்தால் வேளாண் துறை வழியே மரக்கன்றுகள் கிடைக்கும்.

சோலார்: கமுதியில் 2016-ல் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் வந்ததிலிருந்து இது கனவுப் பேச்சு அல்ல. நீண்ட காலக் குத்தகை, நிச்சய வருமானம். உங்கள் நாலு ஏக்கர் துணைமின் நிலையத்துக்குப் பக்கத்தில், பெரிய பரப்போடு ஒட்டி இருந்தால்தான் யாரும் கேட்பார்கள். இல்லையென்றால் தரகர் தேநீர்ச் செலவு மட்டும்தான் மிச்சம்.

இனி எனக்குப் பிடித்த வழி: தானாக முளைத்திருக்கும் நாட்டுக் கன்றுக்குக் கைகொடுப்பது. புதிதாக நடுவதைவிட இது மலிவு. பிலிப்பைன்ஸில் தர்ப்பைப் புல் மண்டிய கைவிட்ட நிலங்களில் இதை நன்றாகப் பழகியிருக்கிறார்கள். புல்லுக்குள் மறைந்திருக்கும் மரக்கன்றுகளைத் தேடிக் குச்சி நட்டு அடையாளம் வைப்பார்கள். சுற்றிலும் களையெடுப்பார்கள். மிச்சப் புல்லை வெட்டாமல், ஒரு பலகையைக் காலால் அழுத்திப் படுக்கவைத்துக்கொண்டே போவார்கள். வெட்டிய புல் மறுபடி தழைக்கும், படுத்த புல் லேசில் எழாது. நாற்றங்கால் செலவு இல்லை என்பதால் புதுக்கன்று நடுவதில் பாதிச் செலவுதான் ஆகிறது.

நிலத்தைப் பிடித்து வைத்திருப்பது எது என்று கண்டுபிடிப்பதில்தான் காரியம் இருக்கிறது. கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்தே பகுதி நம்மைப் போலவே ஆறு மாதம் மழையே பார்க்காத வறள்காட்டு நிலம். 1980களில் அங்கே மாட்டுப் பண்ணைகள் நொடித்துப்போய், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஹரகுவா புல் ஆளுயரம் நின்றது. கோடையில் தீப்பிடிக்கும், கன்றெல்லாம் கருகும், புல் மட்டும் மறுபடி துளிர்க்கும். டேனியல் ஜான்சன், வினி ஹால்வாக்ஸ் என்ற இரண்டு சூழலியலாளர்கள் அங்கே 1985 முதல் செய்த முதல் வேலை தீயை நிறுத்துவது. உள்ளூர் ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்துத் தீக்காவல் போட்டார்கள். புல்லைக் குறைக்க ஆரம்ப வருடங்களில் மாடுகளையும் மேயவிட்டார்கள். காற்றில் பறக்கும் விதை முதலில் வந்தது, விலங்கு சுமக்கும் விதை பின்னால் வந்தது, காடு மீண்டது. அதே இடத்தில் ஆரஞ்சுச் சாறு ஆலை ஒன்று 1990களின் கடைசியில் 3 ஹெக்டேர் பொட்டல் மேய்ச்சல் நிலத்தில் 12,000 டன் பழத்தோலைக் கொட்டியது. போட்டிக் கம்பெனி வழக்குப் போட்டு அதை நிறுத்தியது. ஆனால் 16 வருடம் கழித்துப் பார்க்கப் போனவர்களுக்கு, அங்கே வைத்த பெயர்ப்பலகையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது, அவ்வளவு கொடி, மரம். தோல் கொட்டாத பக்கத்தைவிட மரங்களின் எடை 176% கூடுதல். மண்ணுக்கு முதலில் தீனி போட்டதன் பலன் அது. நம் ஊரில் பழத்தோல் கிடைக்காது, கண்மாய் வண்டல் கிடைக்கும், அதை விவசாயிகள் இலவசமாக எடுக்க அரசு அனுமதியும் தருகிறது.

அங்கே தீ, இங்கே ஆடு. ஆடு உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள முடியும் என்றால், பாதிக் காடு வந்த மாதிரி. வேலி போடப் பணம் இல்லையா, வெட்டிய கருவை முள்ளையே எல்லையில் கட்டலாம், ஒரு வருடம் தாங்கும். கீதாரியைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். கருவைக் காய் உதிரும் மாதங்களில் மட்டும் கிடை வேண்டாம் என்று பேசிக்கொள்ளலாம். (கென்யாவின் பாரிங்கோ மக்கள், கருவைக் காய் தின்று பல் போன ஆட்டை நீதிமன்றத்துக்கே கூட்டிப்போய் அரசின் மீது வழக்குப் போட்டவர்கள். நம் ஆட்டுக்காரர்களிடம் கேட்டால் அந்த வழக்கில் சாட்சி சொல்லப் பலர் வருவார்கள்.)

அப்புறம், கருவையை ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். நாட்டுக் கன்று இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் தூரோடு எடுங்கள். மற்ற இடத்தில் கிளை கழித்து விட்டுவையுங்கள். வேம்பும் உசிலையும் தலைதூக்கி நிழல் கட்டக் கட்ட, அடுத்த வட்டத்தை எடுக்கலாம். கருவையின் இளங்கன்றுக்கு நிழல் ஆகாது என்றேனே, அதுதான் இங்கே உதவும். மேற்கூரை ஒன்று கூடிவிட்டால் அதன் புது விதைகள் முளைத்தாலும் நிலைக்காது. கன்றே இல்லாத வெற்றிடங்களில் பறவைக்குப் பழம் கொடுக்கும் மரங்களாகப் பார்த்து நடலாம்: நாவல், களா, நறுவிலி, உகா. நட்ட மரத்தில் பறவை உட்காரும், மிச்ச நடவை அதுவே பார்த்துக்கொள்ளும். தாய்லாந்தில் சியாங் மாய் பல்கலைக்கழகத்தினர் 20, 30 வகை மரங்களை மட்டும் இப்படித் தேர்ந்தெடுத்து வைத்து, இரண்டு வருடம் களையெடுத்துவிட்டு, மிச்சத்தைப் பறவைகளிடம் ஒப்படைக்கிறார்கள். சதுர மீட்டருக்கு மூன்று கன்று நெருக்கி வைக்கும் மியாவாக்கி முறை சென்னை கோட்டூர்புரத்து மூலைக்குச் சரி. நாலு ஏக்கருக்கு அந்தக் கணக்கில் கன்று வாங்கினால் சொத்தை விற்க வேண்டிவரும்.

இந்த வழிக்கு முன்மாதிரி வேண்டும் என்றால் ஆரோவில் போய்ப் பார்க்கலாம். 1968-ல் அது செம்மண் பொட்டல், மழை பெய்தால் மண் கடலுக்குப் போகும். முதலில் வரப்பு போட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள், ஆடு மாடு வராமல் காத்தார்கள், ஆஸ்திரேலிய அகேசியாவைச் செவிலி மரமாக வைத்தார்கள். அதன் நிழலில் வீரை, காயா, உலக்கைப் பாலை போன்ற கிழக்குக் கடற்கரைக் காட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். விதை எடுத்தது புத்துப்பட்டு மாதிரியான கோயில்காடுகளிலிருந்து. ஆனால் அங்கே மழை நம்மைவிட அதிகம், இலவச உழைப்பும் அதிகம். அவர்களுக்கு 15 வருடத்தில் வந்தது உங்களுக்கு 25 ஆகலாம். இதில் வருமானம் இல்லை என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. நடுவே கருவை வெட்டிய கட்டைக்குக் கொஞ்சம் காசு, பின்னாளில் வேப்பங்கொட்டை, பனை. அவ்வளவுதான்.

சரி, எதை எடுப்பது? அண்ணன் தம்பிகளில் ஒருவராவது ஊரில் தங்கப்போகிறார், வயசும் ஐம்பதுக்குள் என்றால் விவசாயத்துக்குப் போங்கள். நாலு ஏக்கரில் இரண்டை மட்டும் முதலில் திறங்கள். ஊரில் மாமாவோ பங்காளியோ வாரம் ஒருமுறை எட்டிப்பார்ப்பார், மழைக்குப் பிறகு பத்து நாள் ஆள் வைத்துக் களையெடுக்க முடியும் என்றால் நாட்டுக் கன்றுக்குக் கைகொடுக்கும் வழி. நிலத்தைச் சுற்றி நடந்து ஏக்கருக்கு நாற்பது ஐம்பது வேம்பாவது, இலந்தையாவது தானாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வேலை பாதி முடிந்தது. ஒன்றுமே இல்லை, மண் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது என்றால் அந்தப் பகுதியைக் கருவையிடமே பத்து வருடம் விட்டுவையுங்கள். உப்பில் அதைவிட நன்றாக நிற்கிற மரம் அதிகம் இல்லை.

யாருமே இல்லை, பொங்கலுக்கு மட்டும்தான் வருவோம் என்றால், கரிக்குத்தகைதான் நேர்மையான வழி. ஜேசிபியைக் கூப்பிட வேண்டாம். குத்தகைப் பேச்சில் மட்டும் மூன்று விஷயங்களை முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேம்பு, பனை, மஞ்சணத்தி, இலந்தை எதையும் தொடக்கூடாது, வெட்டுக்கு முன்னால் அவற்றில் சுண்ணாம்பு அடித்து அடையாளம் வைப்பது உங்கள் பொறுப்பு. ஒரே வருடத்தில் முழு நிலத்தையும் வெட்டாமல் வரப்பு வரப்பாக மாற்றி வெட்ட வேண்டும். சுண்ணாம்பு அடித்த மரத்தைச் சுற்றி ஆளுயர வட்டத்தில் உள்ள கருவையைத் தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். கடைசி நிபந்தனைக்குக் குத்தகைக்காரர் முகம் சுளிப்பார், தோண்டுகிற கூலி அவர் கைக்காசு. அதற்காகத் தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். தூர்க்கட்டைக்குக் கரியாகவும் நல்ல விலை உண்டு என்பதை அவரும் அறிவார். மார்கழி மழை ஓய்ந்து மண் இளகி இருக்கும்போதே வெட்டுக்கு நாள் குறித்துவிடுங்கள். பங்குனி போனால் கடப்பாரை இறங்காது, தரைக்கு மேல் அறுத்துவிட்டுத் தோண்டியாச்சு என்று சொல்லிவிடுவார்கள்.